ஐந்து வரியில் அக்கா

பல் டாக்டர் கேட்டது ஐந்தே வரி.

"உங்க பாணி என்ன, ஏன் இப்படி வரையறீங்க, அவ்வளவுதாம்மா. சுவத்துல ஒட்டணும், நெட்லயும் போடணும். அதுகூட இல்லாம ஜனங்க உங்களை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

அவர் இப்போது யார் பல்லையும் பிடுங்குவதில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் கிளினிக்கை மூடிவிட்டு, நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த கூடத்துக்கு வெள்ளையடித்து, விளக்கு மாட்டி, ஓவியக் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் தெருவுக்கு அவர் பல் டாக்டர்தான். கண்ணாடிச் சட்டம் போடும் கடையில், அக்கா தங்கை இருவரில் பெரியவளின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் விசாரித்து, வீடு தேடி வந்து, பத்து நாள் கூடத்தைத் தருகிறேன் என்று சொன்னவர் அவர்.

பெரியவளுக்கு நாற்பத்தாறு வயது. தங்கும் விடுதி ஒன்றில் மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே மூணாம் மாடி. ஆட்கள் அறையைக் காலி செய்துகொண்டு போனதும் கதவை விரியத் திறந்து, தள்ளுவண்டியை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அது விடுதியின் சட்டம். அப்படித் திறந்துவிட்டு வாசலிலேயே அரை நிமிடம் நிற்பாள். கசங்கிய விரிப்பு, நாற்காலி முதுகில் ஈரத்துண்டு, பாதி குடித்த தண்ணீர், ஒருபக்கமாக ஒதுக்கிவிட்ட திரை. அதை அப்படியே மனதில் வாங்கிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து வரைவாள்.

காகிதம் வாங்கியதில்லை. புது விரிப்புகளின் மடிப்புக்குள் வைத்து வரும் பழுப்பு அட்டைகளை விடுதியில் கட்டுக்கட்டாக எறிவார்கள். அதில்தான் எல்லாப் படமும். வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் வண்ணம் தொடமாட்டாள். வெறும் அட்டையை அப்படியே விட்டுவிடுவாள். தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பழுப்பு, சாயங்கால வெயில்போல் படத்துக்குள் கிடக்கும்.

இதெல்லாம் அவளுக்கு வரையத் தெரியும். சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தவள் தங்கை.

சின்னவள் இணையத்தில் சாமான் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். கொசுவலையிலிருந்து குக்கர் வரைக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் நாலு வரி எழுத வேண்டும். அவள் எழுதினால் நாற்காலிக்குக்கூடத் தன்மேலேயே ஆசை வந்துவிடும் என்று அலுவலகத்தில் பேச்சு. அக்காவுக்கு ஐந்து வரி என்றதும் துள்ளிக் குதித்தாள்.

"இதை என்கிட்ட விட்டுடுக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. பேசுவோம்."

முதல் ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"உன் பாணி என்ன?"

"அட்டையில வரையறேன்."

"அது சாமான். பாணியைச் சொல்லு."

"ரூம் வரையறேன்."

"அது விஷயம். பாணி, பாணி! ஒருத்தர் உன்னைத் தேடணும்னா என்ன வார்த்தை போட்டுத் தேடுவாங்க?"

"என்னை எதுக்குடி தேடணும்? நான் என்ன காணாமப் போயிட்டேனா?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டாவது ஞாயிறும் அதே கதைதான். ஆனால் சின்னவள் விடவில்லை. சாமானாக இருந்தால் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து எழுதிவிடுவேன், நீ ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வது என்று குறைபட்டுக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு, படங்களைத் தரையில் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாமே காலி ரூம். ஒரு மனுஷன் கிடையாது. ஏன்க்கா?"

பெரியவள் ஒரு படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அவள் கணவர் வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை காலை. வேறொருத்தியோடு வாழப்போவதாக முதல்நாளே சொல்லிவிட்டார். சொன்னபடி ஆள் வைத்துத் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்ற அவருடைய பெரிய பீரோவும் போயிற்று. எல்லோரும் போனபின் அவள் படுக்கையறை வாசலில் வந்து நின்றாள். எட்டு வருடமாக அந்த அறைக்குள் வராத வெயில், தரை முழுக்க வந்து கிடந்தது. விளக்கை ஏன் அணைக்கவில்லை, கதவை ஏன் சாத்தவில்லை, குழாயை ஏன் இவ்வளவு திறந்தாய் என்று கேட்க யாருமில்லை.

"எனக்கு அழுகையே வரலடி" என்றாள். "அப்பாடான்னு இருந்துச்சு. அந்த ரூமும் அப்பாடான்னு உக்காந்த மாதிரி இருந்துச்சு. அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் வரைஞ்சுக்கிட்டிருக்கேன். ஆளுங்க போனதுக்கப்புறம் ரூமுக்கு ஒரு சந்தோஷம் வரும். விடுதியில தினமும் பாக்கறேன்."

"மறுநாள் காலையில அம்மா, சித்தி எல்லாரும் வந்தாங்களே? நீ கண்ணெல்லாம் நனைஞ்சு..."

"குழாய்த் தண்ணி. அத்தனை பேர் அழும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருக்கறது? நீ என்னைக் கட்டிப்பிடிச்சு ஒரேயடியா அழுத. நான் உன் தோளுக்கு மேல அந்த வெயிலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

சின்னவள் கணினியின் மூடியைத் தாழ்த்தினாள், திரும்ப நிமிர்த்தினாள்.

"இதை எழுதிடாத" என்றாள் பெரியவள். "அவர் பேச்சே வேணாம். உனக்குப் புரியணும்னு சொன்னேன். ரூமெல்லாம் சந்தோஷமா இருக்குன்னு மட்டும் எப்படியாவது எழுது."

"சரிக்கா."

அடுத்த வாரம் சின்னவள் எழுதிக் கொண்டுவந்து, நின்றுகொண்டே படித்துக் காட்டினாள். 'ஆட்கள் கிளம்பியபின் ஓர் அறை கால் நீட்டி உட்காரும் நேரத்தை இவர் வரைகிறார். வெளிச்சத்துக்கு இவர் வண்ணம் பூசுவதில்லை. அதற்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.' இப்படி ஐந்து வரி. பெரியவள் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். தன்னை ஒருத்தி இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாள், அதுவும் தன் கூடப் பிறந்தவள். எழுந்துபோய்த் தங்கையின் கன்னத்தைத் தடவினாள்.

"இதையே குடுத்துடு. ஒரு எழுத்து மாத்தாத."

கண்காட்சி ஒரு சனிக்கிழமை காலை திறந்தது. அன்றைக்கும் அவளுக்கு வேலை இருந்தது. ஏழு அறைகளை முடித்து, மிச்சத்தை இரண்டாம் மாடிக்காரியிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு, சீருடையை மாற்றிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. பத்துப் பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தாள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

உள்ளே நுழைந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எப்படிம்மா தாங்கிக்கிட்டீங்க, இத்தனை வருஷம்?"

வேலைக் கஷ்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "பழகிடுச்சுங்க" என்றாள். அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொருவரும் உச்சுக் கொட்டினார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். படங்களுக்கு முன்னால் கூட்டம் இல்லை. எல்லோரும் முதலில் இடதுபக்கச் சுவரில் இருந்த பெரிய அட்டையைப் படித்தார்கள். படித்துவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, துக்க வீட்டில் நடப்பதுபோல் மெதுவாகப் படங்களைக் கடந்து போனார்கள். ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அவளும் படித்தாள்.

'கணவர் விட்டுச் சென்ற நாள் முதல் இவர் வெறுமையான அறைகளை மட்டுமே வரைகிறார். பதினொரு ஆண்டுகளாக ஆறாத ரணம் இது. இவரது ஒவ்வொரு படத்திலும் கதவு திறந்தே இருக்கிறது, என்றாவது திரும்பி வரக்கூடிய ஒருவருக்காக. தீட்டப்படாத பகுதிகள் இவர் வாழ்வில் நிரம்பாத இடங்கள். பிரிவு, தனிமை, காத்திருப்பு.'

எண்ணிப் பார்த்தாள். ஐந்து வரிதான். கீழே அவளுடைய பெயர்.

வேறு யாருடைய அட்டையோ தவறி இங்கே வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது காதுமடல் சுட்டது. கதவு திறந்திருப்பது விடுதியின் சட்டம். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

தங்கையைத் தேடினாள். சின்னவள் கூடத்தின் மறுகோடியில், கழுத்தில் கேமரா தொங்கிய ஒரு நிருபரோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நரைத்த தலையும் தொந்தியுமாக ஒருவர். அவர் திரும்பியபோது பெரியவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவரேதான்.

அவர் அவளை நோக்கி வந்தார். கைக்குட்டையைத் தயாராகக் கையில் வைத்திருந்தார். கேமராக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"உன் தங்கச்சிதான் லிங்க் அனுப்பினா. நேர்ல வந்தா அக்காவுக்கு ஆறுதலா இருக்கும்னா" என்றார். குரல் தழுதழுத்தது. "படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. நீ இப்படி உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குவேன்னு நான் நினைக்கவே இல்ல. கதவு திறந்தே இருக்குன்னு போட்டிருந்துச்சே... என்னை மன்னிச்சிடும்மா. நான் திரும்பி வர்ற நிலைமையில இல்ல. ஆனா உன் மனசு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கேமரா இரண்டு முறை கிளிக்கென்றது. அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். அதில் வருத்தம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, நிஜமான வருத்தம்தான். அதற்கு மேலே, பாலாடைபோல் இன்னொன்றும் படிந்திருந்தது. பெருமை. பதினொரு வருடம் ஒருத்தி தன்னை நினைத்து உருகியிருக்கிறாள் என்கிற பெருமை.

"நீங்க போன அன்னைக்கு மத்தியானம் நான் ரெண்டு தடவை சாப்பிட்டேன்" என்றாள்.

"என்ன?"

"ரெண்டு தடவை சாப்பிட்டேன். ரேடியோவைச் சத்தமா வச்சேன். குழாயை நல்லாத் திறந்து விட்டுக் குளிச்சேன். அப்புறம் அந்த ரூமுக்கு நடுவுல பாயை விரிச்சுப் படுத்துத் தூங்கினேன். அவ்வளவு நல்லா அதுக்கு முன்னாடி தூங்கினதே இல்ல. நீங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். சாப்பிடாம இருக்காதீங்க, போய்ச் சாப்பிடுங்க."

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவருடைய முகம் சிவந்தது. கைக்குட்டையை மடித்தார், எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பையிலும் கையை விட்டுப் பார்த்தார். வெளியே போனார். வாசலில் தன் செருப்பைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பெரியவள் சுவரில் இருந்த அட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒட்டுநாடாவோடு சுவர்ப்பூச்சும் உரிந்து வந்தது. "அம்மா, அம்மா, சுவரு!" என்று பல் டாக்டர் ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுவர் போனால் போகட்டும் என்று நின்றுவிட்டார்.

முன்பு எக்ஸ்ரே எடுத்த சின்ன அறைக்குள் தங்கையை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ எனக்குப் படிச்சுக் காட்டினது எங்க?"

"என்கிட்டதான் இருக்கு" என்றாள் சின்னவள். அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"அதைத்தானே குடுக்கச் சொன்னேன்?"

"அதைக் குடுத்திருந்தா இன்னைக்கு இங்க நீயும் நானும் பல் டாக்டரும்தான் நின்னுக்கிட்டிருப்போம். கால் நீட்டி உக்காருற ரூமுன்னு எவன் தேடுவான்? பிரிவுன்னு தேடுவான், தனிமைன்னு தேடுவான். இது என் தொழில்க்கா, எனக்குத் தெரியும். எவ்வளவு கூட்டம் பாத்தியா?"

"அப்ப எனக்கு எதுக்கு அதைப் படிச்ச?"

"அது உனக்குப் பிடிக்கணும்னு எழுதினது."

அன்றைக்கு எழுந்துபோய்க் கன்னத்தைத் தடவியது பெரியவளுக்கு நினைவுக்கு வந்தது. தங்கையின் கண்ணுக்குத் தானும் ஒரு வாடிக்கையாளர்தான். எதைச் சொன்னால் இவளுக்குப் பிடிக்கும் என்று பார்த்து எழுதிவிட்டாள்.

"அவரை ஏன்டி கூப்பிட்ட?"

"நிருபர் கேட்டாரு. ரெண்டு பேரும் ஒரே போட்டோவுல இருந்தா பெரிய செய்தியா வரும்னாரு."

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. எனக்கு அழுகை வரலன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். தெரிஞ்சுக்கிட்டே என்னை அழ வச்சு சுவத்துல ஒட்டியிருக்க."

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். உதடு கோணியது.

"நான் அழுதேனேக்கா! எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. உனக்காக ஒரு மாசம் அழுதேன். ஆம்பளைன்னாலே பயமாப் போச்சு எனக்கு. வந்த வரனையெல்லாம் வேணாம்னேன். நீ என்னடான்னா ஜன்னல் வெயிலைப் பாத்துக்கிட்டிருந்தியாம். பதினொரு வருஷம் கழிச்சுச் சாவகாசமாச் சொல்ற. என் அழுகையெல்லாம் என்ன கணக்கு?"

அது நியாயமான கேள்விதான் என்று பெரியவளுக்குப் பட்டது. அப்போதும், பிறகு பல நாள் யோசித்துப் பார்த்தபோதும். அதனால் கோபம் குறையவில்லை.

"இதை என் மூஞ்சிக்கு நேரா அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "திட்டியிருக்கலாம். ரெண்டு அடிகூட அடிச்சிருக்கலாம். சரிக்கான்னு ஏன் சொன்ன?"

எக்ஸ்ரே அறையில் காற்று கிடையாது. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. முதலில் வெளியே போனவள் சின்னவள்தான்.

கண்காட்சி பத்து நாளும் நடந்தது. பல் டாக்டர், உரிந்த சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மறைத்தார். "தங்கச்சி முதல்ல எழுதினாங்களாமே, அதையே போட்டுடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றாள். அந்த வரிகளில் தப்பு ஒன்றுமில்லை. அறைகள் கால் நீட்டி உட்காரத்தான் செய்தன. ஆனால் அதை நினைத்தாலே தங்கை நின்றுகொண்டு படித்த தோரணை கண்முன் வந்தது. நல்ல வரிகள் கெட்டுப்போய்விட்டன.

நான்காம் நாள் தானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பகல் சாப்பாட்டு இடைவேளையில், விரிப்புகள் அடுக்கும் அலமாரிமேல் வைத்து எழுதியது. 'நான் தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிறேன். ஆட்கள் போனபின் அறைகளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதனால் வரைகிறேன். வெளிச்சம் இருக்கும் இடத்தில் வண்ணம் வைக்கமாட்டேன். கதவு திறந்திருப்பது விடுதியின் விதி.' பல் டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைத்தானே நான் முதலிலேயே கேட்டேன் என்றார்.

கூட்டம் குறைந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. அதில் அவள் சொன்ன சோறும் இல்லை, ரேடியோவும் இல்லை. கைக்குட்டையோடு அவரும், திகைத்த முகத்தோடு அவளும் நிற்கும் படம் இருந்தது. தங்கை எழுதிய ஐந்து வரி அதற்குள் எங்கெங்கோ பரவியிருந்தது. ஒருவர் எடுத்துப் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட்டார். பிரிவு என்று தேடினால் மூன்றாவதோ நான்காவதோ அவளுடைய படம் வந்து நிற்கும். சின்னவள் தன் வேலையில் கெட்டிக்காரி. அதில் சந்தேகமே இல்லை. படங்களுக்காக ஆரம்பித்த இணையப் பக்கம் அவள் கையில்தான் இருந்தது. அதன் கடவுச்சொல்லைக் கேட்டு மூன்று முறை செய்தி அனுப்பியும் பதில் வரவில்லை. கடைசியில் இரண்டாம் மாடிக்காரியின் உதவியோடு பெரியவளே புதிதாக ஒரு பக்கம் ஆரம்பித்தாள். அதற்குப் பதினேழு பேர் வந்தார்கள்.

விடுதியில் சலவைக்கட்டு எண்ணும் பெரியவர்கூட ஒருநாள் லிஃப்டில் அவளிடம் குரலைத் தாழ்த்தி, "மூணாம் மாடி, மனசைத் தளர விடாத" என்றார். அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கிப் பார்த்தாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அழுத்திச் சொல்லச் சொல்ல, அவர்கள் இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் சின்னவள் வந்தாள். அம்மாவுக்குக் கண் அறுவைசிகிச்சை. யார் எந்த நாள் கூட இருப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் கேட்டதே கிடையாது.

"வா."

சின்னவள் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இணையப் பக்கத்தின் கடவுச்சொல்.

"பழைய வரியெல்லாம் எடுத்துட்டேன்" என்றாள். "மத்தவங்க போட்டதை என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"சரி."

தேநீர் குடித்தார்கள். யார் எந்த நாள் என்று எழுதிக்கொண்டார்கள். அம்மாவின் கண் சொட்டு மருந்து, சின்னவளின் அலுவலகம் இடம் மாறியது, சித்தி மகனுக்கு வேலை கிடைத்தது, எல்லாம் பேசினார்கள். நடுவில் ஓரிடத்தில் சிரிக்கவும் சிரித்தார்கள். பேசிக்கொண்டே இருந்தபோது பெரியவளுக்குத் தன் குரல் விசித்திரமாகக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையையும், வெளியே போனாலும் பாதகமில்லையா என்று பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விடுதியில் விருந்தினர்களிடம் அப்படித்தான் பேசுவாள்.

சின்னவள் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"இப்ப என்னக்கா வரைஞ்சுக்கிட்டிருக்க?"

உள்ளறைக் கட்டிலின் மேல் நான்கு அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இதுவரை அவள் வரைந்ததிலேயே நல்லவை அவை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் மூன்று நாளாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள் பெரியவள். "நேரமே இல்லடி."

சின்னவள் தலையாட்டினாள். அம்மாவை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும், வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று இன்னொரு தரம் நினைவுபடுத்திவிட்டுப் படியிறங்கினாள்.